அடுப்படிக்கு மூன்று விளக்கு

செப். 3, புதன்

வெயில். மலைக்கோட்டைப் பாறையில் தோசை வார்க்கலாம். அக்கா பீன்ஸ் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டாள். இந்த மாதிரி இது இரண்டாவது தடவை. கோவையிலிருந்து அவள் மகன் அருள் போனில்: "அடுப்படி ஒரே இருட்டுன்னு அம்மா சொல்லுது மாமா. ஞாயித்துக்கெழம வந்து எங்கூடயே கூட்டிட்டுப் போயிர்றேன்."

போனை வைத்ததும் வீடு நாற்பது ஏக்கர் பெரிதானது. அத்தான் இறந்து பதினொரு வருஷம். அன்றிலிருந்து இங்கே நாங்கள் இருவர்தான்.

முடிவு: ஞாயிறுக்குள் அடுப்படிக்குச் சூரியனை இறக்குவது.

செப். 4, வியாழன்

கடைவீதி. வாங்கியவை:
எல்.இ.டி. பட்டை விளக்கு 3
அவற்றை ஒன்றோடொன்று கோக்க ஒயர் 2
ஒரு இஞ்ச் ஸ்க்ரூ, ஒரு கைப்பிடி

ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோத்துக்கொண்டே போனால் பிளக் ஒன்று போதும், சின்னப்பிள்ளை வேலை என்றார் கடைக்காரர்.

மா. 4. எதிர்வீட்டு டிரில் இரவல். மேல் அலமாரியின் அடிப்பலகையில் முதல் ஸ்க்ரூ. அது பலகையைத் துளைத்து உள்ளே எழுந்து, மல்லித்தூள் பொட்டலத்தின் வயிற்றைக் கிழித்தது. நான் போட்ட தும்மலில் குஜிலியம்பாறையில் ஆடுகள் மிரண்டிருக்கும். அக்கா எட்டிப் பார்த்தாள். துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டவில்லை. அதுதான் பயம்.

செப். 5, வெள்ளி

மேகம், மழை இல்லை. அரை இஞ்ச் ஸ்க்ரூ. மூன்று விளக்கும் ஏறின. பிறகுதான் கண்டேன்: கரண்ட் நுழையும் முனை மூன்றுக்கும் ஜன்னல் பக்கம், பிளக் பாயிண்ட் பிரிட்ஜ் பக்கம். எல்லாம் கழற்றி, திருப்பி, மறுபடி. கழுத்து இனி என்னுடையது அல்ல.

அடுப்புக்கு மேலே புகைபோக்கி. அதைத் தாண்ட ஒயர் நாலு விரற்கடை போதவில்லை. என் வம்சமே அந்த நாலு விரற்கடையில் தடுக்கி விழுந்தது. மறுபடி கடைவீதி. நீள ஒயர்.

ராத்திரி உப்புமா. உப்பில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

செப். 6, சனி

கா. 11. சுவிட்ச். மூன்றும் எரிந்தன. விமானங்கள் விமான நிலையம் என்று நினைத்து இறங்கக்கூடும்.

அக்காவைக் கூப்பிட்டு மேடை முன் நிறுத்தினேன். பலகை, கத்தி, முட்டைக்கோஸ். துளி நிழல் இல்லை. இனி இங்கேயே சமைக்கலாம், கோயம்புத்தூர் எதற்கு என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தான்டா இருக்கு தம்பி. இருட்டுன்னு சொன்னது சும்மா. அடுப்பு முன்னாடி நிக்க ஏலல. மூணு வேளை, பதினோரு வருசம். இத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அம்புட்டுதான்."

விளக்கை அணைத்தேன்.

செப். 7, ஞாயிறு

தூறல். வாராவாரம் போகிற கோயிலுக்கும் இருவரும் போகவில்லை. நான் சமைத்தேன். சோறு, ரசம், கோஸ் பொரியல். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல. பொரியலில் பாதி கரி.

மதியம் அருள் வந்தான். அக்காவை உட்கார வைத்துப் பரிமாறினேன். இரண்டு முறை ரசம் கேட்டாள். விளக்கு பிரமாதம் என்றான் அருள். "இருக்கட்டும், இனி இவன்தான சமைக்கணும்" என்றாள் அக்கா.

மா. 3. காரில் ஏறினாள். எப்போது வருவாய் என்றேன்.

"ஒரு மாசம் நீயா சமைச்சுச் சாப்டு. அப்பறம் வந்து பாக்குறேன்."

ஒரு மாதம். தொண்ணூறு வேளை. இந்த வேளைக்கு மதிய ரசம் மிச்சம் இருக்கிறது.