தேடியதையே தேடிய டேப்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய் நாலு மாதம் ஆகிறது. போனவர்களிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள் வீட்டில். நீங்களானால் "கோபப்படுடி" என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

நம் கம்ப்யூட்டர் பிரிவில் உதிரிபாக ஸ்டோரின் கணக்குப் புரோகிராமை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்களாகப் பிரித்து எழுதினீர்கள். "ஒண்ணு கெட்டா அத மட்டும் சரிபண்ணிக்கலாம்டி" என்றீர்கள். ஆனால் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டுமே! ஒரு மாட்யூல் இன்னொன்றைக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும். ஒவ்வொன்றையும் மெஷின் டேப்பில் தேடி முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துவிடுகிறது.

போன வாரம் மைன்ஸில் கன்வேயர் நின்றுவிட்டது. அதற்கு வேண்டிய புது பேரிங்குகளின் எண்ணில் ஓர் எழுத்து கூடியிருந்ததால் நம் லிஸ்ட் அவற்றைக் காட்டவில்லை. மைன்ஸ் ஃபிட்டர் கோவிந்தன், கம்மாபுரத்துக்காரர், நேராக என்னிடம் வந்தார். "பேரிங்கு ஸ்டோர்ல கண்ணு முன்னாடி கெடக்குதுங்க. லிஸ்ட்டுல இல்லாம தர மாட்டோம்னு சொல்லிகினு இருக்காங்க. எப்பங்க ஆவும்?"

திருத்த வேண்டியது, எண்ணின் நீளத்தைச் சொல்லும் ஒரே வரி. முதல் நாள் இணைக்கும்போது பாதியில் கரண்ட் போனது. மறுநாள் ஏதோ ஒரு பெயரில் பிழை, திரும்பவும் முதலிலிருந்து. "ஒரு வரிக்கு ரெண்டு நாளாம்மா?" என்று ஆபீசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். பாத்ரூமில் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் டேப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசிவரை ஓடியது, திரும்பச் சுற்றியது, மறுபடி கடைசிவரை ஓடியது. தேதி அச்சடிக்கும் சின்ன மாட்யூலை ஏறக்குறைய எல்லாமே கேட்கின்றன. ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று தெரியாமல் மெஷின் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகத் தேடுகிறது!

இணைக்கும் புரோகிராமும் நீங்கள் எழுதியதுதான். அந்தத் தாள்களை எடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் உங்கள் எழுத்து: "தேடியதையே தேடுகிறது. அப்புறம் பார்க்கணும்."

தெரிந்திருக்கிறது உங்களுக்கு! ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை கதை பேசினோம். இதைச் சொல்லத் தோன்றவில்லையா? இல்லை, எழுந்து வந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினீர்களா?

எடுத்தவற்றின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மறுபடி தேடாதபடி மாற்றினேன். அடுத்த நாள் சாப்பாட்டு மணிக்கு முன்பே இணைப்பு முடிந்துவிட்டது. கோவிந்தன் லிஸ்ட்டை வாங்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் கன்வேயர் ஓடியது.

எந்த மாட்யூல் எதைக் கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதிக்கு மேல் இன்னும் எனக்கே புரியவில்லை. புரிகிறவரை எழுதுவேன். என் நாற்காலிக்கு வருகிற எவளும் என்மேல் இப்படிக் கோபப்பட விடமாட்டேன், அக்கா.

கோபம் இன்னும் தீராத
உங்கள் தங்கை,
சரஸ்வதி