உன் பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டோம், சேகரா

என் ராசா, என் செல்லத் தம்பி சேகரா,

நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படியோ, எனக்குத் தெரியாது. இங்கே பெங்களூர் ஈஜிபுராவில் அப்படியேதான் இருக்கிறது. போன மழையில் உன் வீட்டுத் தெருமுனையில் இன்னொரு பள்ளம் விழுந்தது. பழைய பள்ளத்துக்குத் துணை வேண்டாமா?

உன் வருஷ திதி நல்லபடியாக முடிந்தது. "பேப்பர்ல நாலு வரி போடலாமா அத்தை?" என்று உன் மகள் தீபா கேட்டாள். நாலு வரியில் நான் என்றைக்கடா பேசி முடித்திருக்கிறேன்? அதனால்தான் இந்தக் கடிதம். நம் அம்மன் கோயில் மலரில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கும் உனக்கும் நடுவில் என்ன ஒளிவுமறைவு இருக்கிறது?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் எலெக்ட்ரிக் காரின் பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டோம். இப்போது அதில் இருப்பது சின்னச் சக்கரம்.

அந்தச் சக்கரங்களுக்காகவே நீ மேல் மாடலை எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் பனியனோடு கீழே உட்கார்ந்து, பழைய லுங்கியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பாய். "பாருக்கா, சிங்கம் மாதிரி நிக்குது" என்பாய். "சிங்கத்துக்கு எதுக்குடா கொலுசு?" என்று நான் கேட்பேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே வாராவாரம் அதையே கேட்டேன்.

நீ போன கொஞ்ச நாளில் உன் கமலாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. உனக்குத் தெரிந்த வலிதான், முற்றிவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பிசியோதெரபிக்குப் போயே ஆகவேண்டும், இல்லையென்றால் நடை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீபாவுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. அவள் ஓட்டுவாள், நான் கமலாவோடு பின்னால் உட்காருவேன்.

முதல் இரண்டு மூன்று வாரம் போனாள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு காரணம். தலைவலி என்றாள். மழை வரும்போல் இருக்கிறது என்றாள். ஒருநாள் "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன் அண்ணி, எதுக்குப் போகணும்?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

பிடிவாதமாக ஒருநாள் கூட்டிப்போனேன். சிக்னல் தாண்டி ஒரு பள்ளம். வண்டி டம்மென்று இறங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், கமலா மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர். சத்தமே வரவில்லை. "வலிக்குதாடி?" என்றால் "இல்ல அண்ணி, தூசி" என்கிறாள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசி ஓடுகிற வண்டியில் எங்கேயிருந்தடா தூசி வரும்?

அன்றைக்கே தீபாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "அத்தை, இந்த வீல் பெருசு. அதனால சுத்தி இருக்கிற ரப்பர் ஒல்லி. பள்ளத்துல விழுந்தா அடி நேரா உள்ள உக்காந்திருக்கிறவங்க முதுகுக்கு வருது. வீலைச் சின்னதாக்கி ரப்பரைத் தடிமனாக்கலாம். மொத்த உயரம் மட்டும் மாறக் கூடாது. மாறுனா ஸ்பீடு மீட்டர் பொய் சொல்லும்."

"அப்போ இட்லித் தட்டுல இருந்து மெத்தைக்கு மாறுறோம்னு சொல்லு" என்றேன்.

"கிட்டத்தட்ட" என்றாள். சார்ஜும் கொஞ்சம் கூடவே நிற்குமாம்.

ஆனால் கமலா சம்மதிக்கவேண்டுமே. "அவரு ஆசை ஆசையா எடுத்தது. அவரு போனதும் காலைக் கழட்டி வீசுன மாதிரி ஆயிடும் அண்ணி" என்றாள். அப்போதுதான் புரிந்தது, சேகரா. வலியை மறைத்ததும், போக மாட்டேன் என்றதும், எல்லாம் உன் தேர்வைத் தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நடக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை, உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். இப்படி ஒருத்தியை உனக்குக் கட்டிவைத்தது நான்தான், அதை மறந்துவிடாதே.

கெஞ்சிக் கெஞ்சி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அவருக்குப் பிடிக்கலன்னா எனக்குத் தெரியும். அன்னைக்கே பழசைத் திரும்ப மாட்டிடணும். அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது." தீபாவும் நானும் தலையாட்டினோம்.

ஓசூர் ரோட்டில் நயாஸ் பாய் என்று ஒருவரின் டயர் கடை. வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்துத்தான் போனோம். இருப்பதிலேயே சின்ன வீலாக வேண்டும் என்று தீபா ஆசைப்பட்டாள். மாட்டிப் பார்த்தால் உள்ளே பிரேக்கில் இடிக்கிறது. சுற்றவே இல்லை. அதற்கு ஒரு சைஸ் மேலே எடுத்தபோது சரியாக உட்கார்ந்தது. பேட்டரி கனத்தைத் தாங்குகிற டயரா என்று தீபா அதன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து எடுத்தாள். உன் மகளாயிற்றே, சும்மா வாங்குவாளா?

டயர் ஏற்றிய நாலு சக்கரத்தையும் தயாராக வைத்துவிட்டு பாய் தொழுகைக்குப் போனார். தீபா வெளியே ஆபீஸ் போனில் இருந்தாள். கமலா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் சும்மா இருப்பேனா? பையில் சந்தனம், குங்குமம், அட்சதை எல்லாம் கொண்டுபோயிருந்தேன்.

பளபளப்பில் கீறல் விழக் கூடாது என்று சக்கரங்களை அட்டைமேல் குப்புறப் போட்டிருந்தார்கள். எனக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியுமா? மேலே தெரிந்த பக்கத்தில், நட்ட நடுவில், வட்டமாய் வழவழவென்று ஓர் இடம். பொட்டு வைக்கவே செய்த நெற்றி மாதிரி இருந்தது. தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, அட்சதையும் ஒட்டினேன். நாலுக்கும். "முருகா, இவ முதுகைக் காப்பாத்து" என்று கும்பிட்டேன். பாய் வந்து மாட்டி முடித்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம்.

எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி இருக்கிற முருகன் கோயிலுக்குத்தான் முதல் ஓட்டம் என்று சொல்லிவிட்டேன். மேம்பாலம் ஏறியதும் வண்டி வேகம் எடுத்தது. எடுக்க எடுக்க ஆட்டமும் எடுத்தது. ஸ்டியரிங் தீபாவின் கையில் நடுங்குகிறது. சீட் நடுங்குகிறது. என் வளையல் தானாகச் சத்தம் போடுகிறது.

"நிறுத்து தீபா" என்றாள் கமலா. குரல் உடைந்துவிட்டது. "உங்கப்பாவுக்குப் பிடிக்கல. நான் அப்பவே சொன்னேன்."

"அம்மா, அப்பாவுக்குக் கோவம்னா என்னைத் திட்டுவாரு. உன்னைப் போய் இப்படி ஆட்டுவாரா?"

கமலா மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயாடி என்று ஊரே பேர் வைத்த நானே வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? நானும் நீதான் என்று நினைத்தேன்டா. மனசுக்குள் "சேகரா, வேண்டாண்டா, விடுடா" என்று உன்னிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். தீபா மெல்ல ஓட்டிப் பாலத்தை விட்டு இறங்கி, கீழ்ரோட்டிலேயே கடைக்குத் திருப்பினாள்.

"பழசையே மாட்டிடுங்க பாய்" என்று கமலா சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். இனி அவள் இந்த வண்டியில் ஏறப்போவதில்லை, பிசியோதெரபியும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பாய் ஜாக்கி போட்டுத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, முதல் சக்கரத்தை வெளியே இழுத்தார். தீபா குனிந்து பார்த்தாள்.

"அத்தை. இது என்ன அரிசி?"

சந்தனம் காய்ந்து கட்டியாகி, நடுவில் என் அட்சதை நசுங்கிக் கிடக்கிறது. சக்கரம் வண்டியோடு ஒட்டி உட்கார வேண்டிய இடமாம் அது. முடி அளவு இடைவெளி இருந்தாலும் கோணலாகத்தான் சுற்றுமாம். நான் போய் அங்கே கல்யாணமே நடத்திவைத்திருக்கிறேன்!

"பாய், மாட்டும்போது பாக்கலையா நீங்க?" என்று தீபா கேட்டாள்.

பாய் நெளிந்தார். "சந்தனம் பாத்தேம்மா. அரிசி தெரியல. அக்கா பூஜை பண்ணி வச்சிருக்காங்க, சாமி சமாச்சாரம் இல்லையா, அதைப் போயி நான் எப்படித் தொடைக்கிறது? இறுக்கினா சரியாப் போயிடும்னு விட்டேன். தப்புதான். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா நட்டே லூஸ் ஆயிருக்கும்."

"நான்தான் தப்பு பண்ணேன் பாய்" என்று நான் சொல்ல, "இல்லக்கா, நான்தான்" என்று அவர் சொல்ல, பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் உன் பெண்டாட்டி சிரிக்கிறாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறாள்.

"அவரு ஆட்டுறாருன்னு நான் அழுதுகிட்டு வர்றேன். நீங்க அரிசியைப் போட்டு ஆட்டியிருக்கீங்களே அண்ணி! நாலு நெத்திக்குமா பொட்டு வச்சீங்க?"

"நாலுக்கும்தான்டி. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு விட்டா பாவமில்லையா?"

நீ போனபிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் என்னிடம் உத்தரவு கேட்டார். "நீங்களே தொடைங்க" என்று சொல்லி, ஒரு மன்னிப்பும் முருகனிடம் கேட்டுக்கொண்டேன். நாலையும் கழற்றி, சுத்தமாகத் தேய்த்து வைத்தார்.

"பழசா, புதுசாம்மா?" என்று தீபா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கமலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கோயில் வரைக்கும் போய்ப் பாப்போம்" என்றாள். பாய் புதுசையே திரும்ப மாட்டி, ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் இறுக்கினார்.

மேம்பாலத்தில் ஒரு நடுக்கம் இல்லை. இறங்கியபிறகு ஒரு பெரிய பள்ளம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி தம்மென்று அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். கமலாவைப் பார்த்தேன். கை மடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. தலை மெதுவாக என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள், சேகரா. மாத்திரை போட்டும் வராத தூக்கம்.

கோயில் வாசல் வந்தது. "எழுப்பட்டுமா அத்தை?" என்று தீபா கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"வேண்டாம். முருகன் எங்கயும் போயிட மாட்டான். நீ ஓட்டு."

உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி வரை சும்மாவே போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில்தான் கண் விழித்தாள். "அதுக்குள்ள வந்துட்டமா?" என்று கேட்டாள்.

உனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா? நீயே இருந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் மறுநாளே மாற்றியிருப்பாய் என்று என் மனசு சொல்கிறது. சரிதானே? நீ பதில் சொல்ல மாட்டாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி உன் பேரைச் சொல்லி அவள் எந்த வலியையும் விழுங்க நான் விட மாட்டேன். உனக்குப் பிடிக்குமா என்று யோசிப்பதற்கு முன்னால், அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்பேன். அவள் தன் காலில் தனியாக நடந்து தெருமுனை வரை போகிற நாள் வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீ நிம்மதியாக இரு, ராசா.

உன்னோடு இன்னும் பேசி முடிக்காத,
உன் பெரியக்கா