மக்காச்சோளமும் என் தோள்பட்டையும்

மார்கழி, செவ்வாய் இரவு.

காட்டுப்பன்றியைச் சுடலாமா என்று இன்று தென்காசியில் விவசாயிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். பக்கத்து வயல் மைதீன் பாயின் மக்காச்சோளத்தில் பாதியைப் பன்றி ஏற்கெனவே தின்றுவிட்டது. மீதியைக் காப்பாற்றத்தான் அவர் வந்திருந்தார். நான் அவருக்குத் துணை.

"சுடணும்னு சொல்லுதவங்க கையைத் தூக்குங்க" என்றார் வனத்துறை அதிகாரி. மண்டபமே தூக்கியது. நானும்தான்.

"சுட்டதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணெண்ணெய் ஊத்திப் புதைச்சிருவோம்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாயின் கை மட்டும் அப்படியே நின்றது. அவருக்குத்தான் அந்தக் கறியே ஆகாதே.

"ஒருத்தர்தானா?" என்று கேட்டு அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கைய எறக்குனிய?"

"தோள்பட்டை வலி, பாய்."

நான் யோசிப்பதற்குள் கை எப்படி இறங்கியது? நாக்கு நேராகக் கைக்கே தகவல் சொல்லிவிடுமோ? இதுதான் இன்னும் விளங்கவில்லை.

சாயங்காலம் பாய் தன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த தைலத்தைக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சேதி: "நல்லாத் தேய்க்கச் சொல்லு. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கை வேணும்லா."

தேய்த்துக்கொண்டேன். வலிக்காத தோள் இப்போது எரிகிறது.