உன் பக்கத்துச் சுவிட்ச்

சுபா,

மெக்கானிக்கிடமிருந்து வண்டி வந்துவிட்டது! பட்டனைத் தொட்டால் கண்ணாடி தானாக ஏறுகிறது. சாவியை அமுக்கினால் இரண்டு கதவும் 'டக்'கென்று பூட்டிக்கொள்கின்றன. நம் பிக்கப்தானா என்று எனக்கே சந்தேகம்!

அன்றைக்கு மழையில் ஜன்னல் கைப்பிடி உன் கையோடு வந்துவிட, நாமே நெய்து நீ முதன்முதலாகக் கட்டிய பட்டு நனைந்தது. "இனிமே இந்த டப்பா வண்டில கால வெக்க மாட்டேன்" என்றாய். ஆறு நாளாகப் பேச்சில்லை.

"ரெண்டு சுவிட்சையும் டிரைவர் பக்கமே வெச்சிடலாம்ணா" என்றான் மெக்கானிக். "வேணாம்பா, அவங்க கண்ணாடிய அவங்கதான் ஏத்துவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பைக்கில் முள்ளிப்பட்டு போய், தறிக்குப் பாவு நூல் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வருவேன். வண்டிச் சாவி டிவி மேல். குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு. சாயங்காலம் களம்பூரில் உன் அண்ணன் மகள் ரிசப்ஷனுக்கு வண்டியிலேயே போகலாம்.

பாலு

பி.கு.: இல்லை, பஸ்தான் என்றால் நானும் உன்னோடு பஸ்தான்.