முகம் போட்ட சட்டை

மே 12, 2025 – திங்கள்

லாட்ஜில் இன்று அறுபத்து நான்கு படுக்கை விரிப்பு, நூற்றுப் பத்துத் தலையணை உறை. சீசன் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் இந்தப் பாடு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்படியே வந்து விரிப்பில் சாய்கிறார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அருவி, எனக்கு அவர்கள் உடம்பு எண்ணெய். பத்தொன்பது வருஷமாக இதே லாண்டரி. முழங்கை இன்று மடங்கவே மாட்டேன் என்றது.

இதை எழுத நோட்டை எடுக்கவில்லை. சாயங்காலம் மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் இசக்கி நிற்கிறான். சாம் முகம் போட்ட சட்டை போட்டிருந்தான். சாம் போய் ஒரு வருஷம் ஆன அன்று, போன ஜூலையில், அவன் கூட்டாளிகள் பதினோரு பேர் சேர்ந்து அச்சடித்த கறுப்பு டீ-ஷர்ட். நெஞ்சில் என் பிள்ளை சிரிக்கிறான். கீழே ‘என்றும் எங்களோடு’. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அது பீரோவில் இருக்கிறது. நான் போட்டதுமில்லை, துவைத்ததுமில்லை.

இசக்கி சட்டையில் சாமின் நெற்றியிலிருந்து உதடு வரை ஒரு வெடிப்பு. கோடையில் குளத்து மண் வெடிக்குமே, அப்படி.

“ஏலே, இதை எப்படித் துவைக்கே?”

“மெஷின்லதாம்மா. ஜீன்ஸோட சேத்துப் போட்டுருவேன்.”

ஜீன்ஸோட! விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், இல்லையென்றால் அவனை அறைந்திருப்பேன்.

மே 15, வியாழன்

மூன்று நாளாக அந்த வெடிப்புதான் கண்ணில் நிற்கிறது.

பையன்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும்வரை சாமும் ஊருக்குள் திரிகிறான். டீ குடிக்கிறான், ஐந்தருவிக்குப் போகிறான், கோயில் கொடையில் மேளத்துக்கு ஆடுகிறான். அந்த முகம் உதிர்ந்துவிட்டால்? வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தை நானும் அவன் அப்பாவும்தான் பார்க்கிறோம். அதுவும் அவர் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிடப் பழகிவிட்டார்.

இசக்கிக்குப் போன் போட்டு எல்லார் சட்டையையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். இனி மாதம் ஒருமுறை நானே துவைத்துத் தருகிறேன் என்றேன். சாம் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஊரான் சட்டையெல்லாம் நீ எதுக்கு இழுத்துப் போட்டுத் துவைக்கே? லாட்ஜுல துவைக்கது போதாதா?”

போதாது.

மே 18, ஞாயிறு

பத்துச் சட்டை வந்தது. ஒவ்வொன்றாகக் கட்டிலில் விரித்தேன்.

ஒருத்தன் முகத்து மேலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறான். சாமின் இடது கன்னம் பளபளவென்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஒருத்தன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதோடேயே மெயினருவியில் நின்றிருக்கிறான், அச்சு ஊறிப் பிசுபிசுத்துப் போயிற்று. ஒருத்தன் வீட்டில் யாரோ கல்லில் வைத்து அடித்திருக்கிறார்கள். பிரஷ் போட்ட கீறல் இரண்டில் இருக்கிறது. மொட்டைமாடி வெயிலில் கருவாடு மாதிரி காய்ந்தவை மூன்று. நல்லது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பாசத்துக்குக் குறைச்சல் இல்லை, துவைக்கத்தான் ஒரு பயலுக்கும் தெரியவில்லை.

பதினொன்றாவது பேச்சிராஜுடையது. அது எனக்கு வேண்டாம் என்று இசக்கியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் அவன். இலஞ்சி வளைவு, சாரல் ஈரம், நாய் குறுக்கே வந்தது என்று சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த என் பிள்ளை போய்விட்டான். ஓட்டியவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. இப்போது வாசுதேவநல்லூரில் ஒரு உரக்கடையில் வேலையாம். எங்கேயோ இருக்கட்டும். அவன் சட்டையை நான் தொட மாட்டேன்.

பத்தையும் உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சமே கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு, கையால் அமுக்கி அமுக்கித் துவைத்தேன். முறுக்கவில்லை, பிழியவில்லை. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்தேன். எண்ணெய் பட்டதற்கு மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு, அதுவும் துணியின் பின்பக்கமிருந்து. மத்தியானம் ஆகிவிட்டது. இடுப்பு போயிற்று.

மே 26, திங்கள்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. வெயில் பட்டால் கெடும் என்று ஒருநாள், வெயிலே இல்லாமல் நாறும் என்று மறுநாள். துணிக்காரி பிழைப்பு இதுதான்.

இரண்டு சட்டையில் பூஞ்சை வாடை அடித்தது, மறுபடி அலசினேன். பத்தும் வீட்டுக்குள் கொடியில் தொங்குகின்றன. உள்பக்கம் திருப்பியிருப்பதால் ஒரு முகமும் வெளியே தெரியாது. பத்து சாமும் என்னோடு பேசாமல் திரும்பிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

சட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: உள்பக்கம் திருப்பு. பச்சைத் தண்ணீர். ஜீன்ஸோடு போடாதே. முறுக்காதே. நிழலில் காயப்போடு. முகத்தில் இஸ்திரி வைக்காதே. எண்ணெய்க் குளியலுக்குப் போட்டுக்கொண்டு போனால் கொன்றுவிடுவேன்.

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

எண்பத்தொன்பது விரிப்பு. கை கையாக இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

இசக்கி வந்தான். பேச்சைச் சுற்றி வளைத்தான். கடைசியில், “பேச்சி இந்த வருஷமாவது உள்ள வரலாமான்னு கேக்கான்மா” என்றான்.

போன வருஷம் சாம் நினைவு நாளில் பேச்சிராஜ் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கேட்டருகில் நின்றான். நான் தலையாட்டியிருந்தால் உள்ளே வந்திருப்பான். ஆட்டவில்லை.

வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இசக்கி போனபிறகு சாம் அப்பா, “அவன் என்ன வேணும்னா செஞ்சான்?” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் இதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இது. அதுவும் அவனுக்குப் பரிந்து! எனக்கு வந்த கோபத்தில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜூலை ஒன்பது, சாம் போன நாள். அதற்கு முன்னால் ஒருமுறை துவைத்து வைக்கலாம் என்று பத்தையும் மறுபடி வாங்கினேன். சீட்டில் எழுதினபடிதான் துவைத்ததாக எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். இருந்தும் இசக்கி சட்டையில் வெடிப்பு உதட்டையும் தாண்டித் தாடைவரை விரிந்துவிட்டது. ஏற்கெனவே கெட்டதை என்ன துவைத்தும் நிறுத்த முடியாது. இது எனக்குத் தெரியாதா? வாடிக்கையாளர் துணியில் எத்தனை பார்த்திருக்கிறேன்.

லாண்டரியில் என்னோடு வேலை பார்க்கிற ஷரீபுன்னிசாவிடம் சொன்னேன். மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டே, “ஏட்டி, துணின்னா போகத்தான் செய்யும். நீ என்ன கல்வெட்டா துவைக்கே?” என்றாள். அவள் கிண்டலுக்கு எப்போதும் சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

என்னுடையது ஒன்று இருக்கிறது, ஒரு துளி தண்ணீர் படாமல். அதை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்.

ஆராதனை முடிந்து வந்து பீரோவைத் திறந்து என் சட்டையை எடுத்தேன். முகம் வெளியே தெரியக்கூடாது, தூசி படக்கூடாது என்று முகத்தை உள்ளே வைத்து நாலாக மடித்திருந்தேன். பூச்சி அரிக்கக்கூடாது என்று மடிப்புக்குள்ளேயே மூன்று அந்துருண்டை. நானே, இந்தக் கையால் வைத்தேன். பீரோ நிற்பது மேற்குச் சுவரோரம். இந்தக் கோடை முழுக்க வெந்திருக்கிறது.

பிரித்தேன். பிரியவில்லை. சூட்டிலும் அந்துருண்டையிலும் அச்சு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. மெல்ல இழுத்தேன். பர்ர் என்று ஒரு சத்தம். ஒரு கண் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம். வாய் எங்கேயுமே இல்லை.

பத்துப் பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். லாட்ஜில் என்னைக் கேட்காமல் ஒரு துணியை வெந்நீரில் போட மாட்டார்கள். எனக்கு எல்லாம் தெரியும் – துவைக்க. துவைக்காமல் எப்படி வைக்கிறது என்று தெரியலயே. என்னத்த கிழிச்சேன் நான்? எம்புள்ள மொகத்த நானே பிச்சுப் போட்டுட்டேனே.

சாம் அப்பா வாங்கிப் பார்த்தார். உதிர்ந்த துணுக்குகளைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஜூலை 1, செவ்வாய்

லாட்ஜுக்குப் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

இசக்கிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வேறென்ன, சாம் அப்பாதான் சொல்லியிருப்பார். “புதுசா ஒண்ணு அடிச்சிருவோம்மா, போட்டோ எங்கிட்ட இருக்கு” என்றான். வேண்டாம் என்றேன். புதிதாக அடித்தால் அது வேறு சட்டை. அன்றைக்குப் பதினோரு பேரும் அழுதுகொண்டு போட்டுவந்த சட்டை அது ஆகுமா? அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

ஜூலை 6, ஞாயிறு

இசக்கி ஒரு கேரி பேக்கை மேசையில் வைத்துவிட்டு நின்றான். “திட்டாதிய. பேச்சி குடுத்துவிட்டான். அம்மா வச்சுக்கிடட்டும்னான்.”

திருப்பிக் கொண்டுபோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் வெளியே எடுத்துவிட்டான்.

சட்டை உள்பக்கம் திருப்பி இருந்தது. வெளியே திருப்பினேன். சாம் முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கில் வெடிப்பில்லை, கன்னத்தில் இழுப்பில்லை. சின்ன எழுத்துகூட ஒன்றும் போகவில்லை.

“போடாமலே வச்சிருந்தானாக்கும்” என்றேன். அப்படிச் சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சொல்லும்போதே கை பொய் என்றது. கழுத்துப்பட்டி நைந்திருந்தது. அக்குளில் துணி கொசுவலையாகி வெளிச்சம் தெரிந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறம். மற்ற எல்லாச் சட்டையையும்விட அதிகம் உழைத்த சட்டை இது.

“வாரத்துல நாலு நாள் இதைத்தாம்மா போடுதான். கையாலதான் துவைப்பான். யாரையும் தொட விடமாட்டான்.”

“யாருலே சொல்லிக் குடுத்தா அவனுக்கு?”

இசக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தான். “நீங்கதாம்மா. சாமுட்ட நீங்க சொல்லுவியளாம்லா, படம் போட்ட சட்டைய உள்பக்கம் திருப்பித் துவைலே, முறுக்காதலேன்னு. அவன் அருவியில குளிக்கும்போது எங்களையும் அதையே சொல்லி அறுப்பான். நாங்க சிரிப்போம். பேச்சி மட்டும் கேட்டிருக்கான்.”

என்னிடம் அந்தப் பயல், “ஆரம்பிச்சுட்டாங்கப்பா” என்றுதான் சொல்வான். ஒருநாள்கூடக் காதில் வாங்கினதாகக் காட்டிக்கொண்டதில்லை. வெளியே போய் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான்.

இசக்கி போனபிறகு அழுதேன். நன்றாக அழுதேன்.

ஜூலை 7, திங்கள்

இதை எங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

சாம் போன அன்றைக்கு நான்தான் போன் செய்தேன். மழை வருகிறது, பஸ்ஸுக்காக நிற்காதே, பேச்சி வண்டியில் ஏறி வந்துவிடு என்றேன். சாம் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். “சரிம்மா, கூட்டிட்டு வாரேன்” என்று சொன்னது பேச்சிதான்.

போலீஸில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், அவன் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள், ஏன்லே அந்த மழையில் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று. அவன் இதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அவனை வெளியே நிறுத்தினேன்.

ஜூலை 8, செவ்வாய்

கழுத்துப்பட்டியைத் தைத்தேன். அக்குளில் கறுப்புத் துணி வைத்து ஒட்டுப் போட்டேன். “நீயே வச்சுக்கோயேன், அவன்தான் குடுத்துட்டானே” என்றார் சாம் அப்பா.

பீரோவில் வைக்கவா?

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். பத்துப் பேரும் சட்டை போட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வெடித்த முகம், இழுத்த கன்னம், எல்லாம் வரிசையாக. பேச்சிராஜ் கேட்டுக்கு வெளியே, போன வருஷம் நின்ற அதே இடத்தில், வெறும் வெள்ளைச் சட்டையில் நனைந்துகொண்டிருந்தான். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். அதற்குப்பிறகு வண்டியைத் தொடுவதில்லையாம்.

போய் அவன் சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தான். இளைத்துவிட்டான்.

“அம்மா, நான்…”

“எனக்குத் தெரியும்லே. போன்ல நான் சொன்னதும் எனக்குத் தெரியும்.”

அவன் வாய் கோணிக்கொண்டது. நான் அழவில்லை. அழ எனக்குத் தெம்பில்லை.

“நனைஞ்சுட்டு நிக்காத. இதைப் போட்டுட்டு உள்ள வா.”

கேட்டோரத்திலேயே மாற்றினான். தோள்பட்டையில் தழும்பு நீளமாக இருந்தது, இன்றுதான் பார்க்கிறேன். உள்ளே வந்து கடைசியில் நின்றான். சாம் அப்பா போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. என்னையே இன்னும் மன்னிக்கவில்லை, அவன் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

இசக்கி பத்துச் சட்டை கொண்டுவந்தான். பதினொன்றாவதைப் பேச்சிராஜே பஸ்ஸில் கொண்டுவந்தான். கொடி போதவில்லை, சாம் அப்பா அடுப்படிக்குக் குறுக்கே இன்னொன்று கட்டினார்.

அவன் சட்டையை அவனே துவைத்துக் காயவைத்துத்தான் கொண்டுவந்திருந்தான். ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தாலும் வாங்கி, உள்பக்கம் திருப்பி, இன்னொரு தடவை துவைத்தேன்.