சித்தூர் வண்டி

ஐப்பசி 12, வெள்ளி. திருப்பதி

காலையிலிருந்து மழை. துணிக்கடையில் ஈ ஓட்டினேன். ஊருக்கு வாங்க வேண்டியவை: நைனாவுக்குத் தைலம், அம்மாவுக்கு வெற்றிலை.

தம்பி ரத்தினம் ஞாயிறு காலை கிளம்புகிறான். ஐதராபாத்தில் டபுள் டெக்கர் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. எங்கள் நாகலாபுரத்திலிருந்து தடா வரை பஸ், அப்புறம் ரயில். சித்திரையிலிருந்து அவனோடு பேச்சில்லை. எல்லை பிரித்து ஊர் ஆந்திராவுக்குப் போனதும் தெலுங்கு எழுத்தைப் படித்தான், என்னையும் படிக்கச் சொன்னான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாம் வீம்பு. போவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

13, சனி

தம்பியை வழியனுப்ப என்று சொன்னதும் முதலாளி சீக்கிரமே விட்டார். பஸ் ஸ்டாண்டில் முழங்கால் சேறு. போர்டெல்லாம் இப்போது தெலுங்கில். ஊருக்குப் புத்தூரில் இறங்கி வண்டி மாற வேண்டும். புத்தூர் என்பதன் வால் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். அதே வால் கண்ணில் பட்டது. கண்டக்டரும் “த்தூர், த்தூர்” என்று கத்தினான். ஏறினேன். புத்தூர் ஒன்று என்றேன். சார்ஜை ஏற்றிவிட்டான்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். டிக்கெட்டும் தெலுங்கு. மழைக்குப் படுதா இறக்கியிருந்தது. தூங்கிவிட்டேன்.

விழித்தால் பாகாலா. இது சித்தூர் வண்டி என்றான் கண்டக்டர். நான் கேட்டதும் அவன் காதில் சித்தூர் என்றுதான் விழுந்திருக்கிறது. “போர்டு சூடலேதா?” போர்டைப் பார்க்கலையாம். பக்கத்து சீட்டில் சிரிப்பு. இரண்டு ஊருக்கும் முதல் எழுத்துதான் வேறு. தமிழிலும் அப்படித்தானே, சனியன். திரும்பிப் போக இனி காலையில்தான் வண்டி. இங்கேயே முடங்கல்.

14, ஞாயிறு

மறுபடி திருப்பதி, புத்தூர், நாகலாபுரம். வீடு சேர மதியம் தாண்டிவிட்டது. ரத்தினம் போய்விட்டான்.

பஸ் மாறி ஏறிவிட்டேன் என்றேன். நைனா நம்பவில்லை. “எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், புத்தூருக்கும் சித்தூருக்கும் வித்தியாசம் தெரியாமயா ஏறினே? வர இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போ.”

நைனா அப்பால் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணன் வந்துகினு இருப்பாருன்னு மொத பஸ்ஸ உட்டுட்டான்டா. அடுத்ததுல ஒரே கும்பல். படியில நின்னுகினே போனான், ரோட்டயே பாத்துகினு.”

15, திங்கள். திருப்பதி

மழை விட்டது. கடை. தம்பியை நல்லபடியாக அனுப்பியாச்சா என்று முதலாளி கேட்டார்.

ஆச்சு என்றேன்.