திரி மேலே வைத்து நட்ட லில்லி

ஜெஸ்லின் அப்பாவுக்கு,

எனக்கு இன்று காலை டூட்டி. இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. சட்னியில் உப்பு கம்மி. குறை சொல்வதானால் போன் போட்டு வாயைத் திறந்து சொல்லுங்கள். ஜெஸ்லினை வேனில் ஏற்றிவிட்டு, சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள்.

நான் வாங்கி வந்த லில்லிக் கிழங்குகளை நீங்கள் தொட்டிக்கு ஒன்றாக நட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். “சீசன் முடிஞ்சு பாதி விலைக்குக் குடுக்காங்கன்னா அது நமத்துப்போன சரக்குதான்” என்று ஞாயிற்றுக்கிழமை கத்திவிட்டு, நாலு நாளாக என்னோடு பேசாத மனுஷன் நட்டிருக்கிறீர்களே! சந்தோஷம்.

ஆனால் ஐந்தையும் தலைகீழாக நட்டிருக்கிறீர்கள். ஜெஸ்லினிடம் கேட்டால், “திரி மேலதாம்ளா இருக்கணும்” என்று அப்பா சொன்னதாகச் சொல்கிறாள். இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தால் இப்படித்தான். அது திரி இல்லை, வேர். மண்ணுக்குள் போக வேண்டியது. பக்கத்தில் வைத்திருக்கிற மணல் வாளியையும் எடுத்துவிடுங்கள். லில்லி வெடிக்காது.

நாலு தொட்டியில் நானே திருப்பி நட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

பியூலா

பி.கு.: நடுத்தொட்டியை நான் தொடவில்லை. கிழங்கு விற்ற அம்மாவிடம் போனில் கேட்டேன். தலைகீழாக வைத்தாலும் முளை தானே வளைந்து மேலே வந்துவிடுமாம், என்ன, ரொம்ப நாளாகுமாம். அது வருவதற்குள்ளாவது என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.